கற்பனையிலிருந்து வரையும் உருவங்கள் ஏன் விறைத்து நிற்கின்றன?

ஒளிப்படம் பார்த்து வரையும்போது கதாபாத்திரங்கள் ஓரளவு உயிரோடு வருகின்றன என்றும், மனத்திலிருந்து வரையும்போது மட்டும் எல்லாரும் அடையாள அட்டைக்குப் படம் எடுத்துக்கொள்ள நிற்பவர்களைப் போல விறைத்துவிடுகிறார்கள் என்றும், துடிப்பான போஸ்களை எப்படி யோசித்துக் கண்டுபிடிப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஈட்டி எறியும் ஒரு பெண்ணை ஆறு முறை வரைந்து பார்த்ததாகவும், ஒவ்வொரு முறையும் கையை எங்கே வைப்பது, காலை எங்கே வைப்பது என்ற இடத்திலேயே சிக்கிக்கொண்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கேள்வி கற்பனைவளத்தைப் பற்றியதுபோலத் தோன்றினாலும், அந்தக் கடைசி வரியைப் படித்தபோது உங்களிடம் கற்பனைக்குக் குறைவில்லை என்றே எனக்குப் பட்டது. உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒரு போஸ் எதிலிருந்து பிறக்கிறது என்பது ஒன்று; மனத்தில் துடிப்பாக இருந்த போஸ் தாளுக்கு வருவதற்குள் ஏன் உயிரை விட்டுவிடுகிறது என்பது மற்றொன்று. இரண்டாவதைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. நான் பார்த்தவரையில் படங்கள் அதிகமாக வீணாவது அங்கேதான்.

இருபது ஆண்டுகளாகச் சித்திரக்கதைகளுக்கும் அனிமேஷனுக்கான ஸ்டோரிபோர்டுகளுக்கும் (காட்சிகளை முன்கூட்டியே வரிசையாக வரைந்து திட்டமிடும் படங்கள்) வரைந்து வருகிறேன்; அதில் பாதிக் காலம் மனித உருவம் வரைவதைக் கற்பித்தும் வந்திருக்கிறேன். கீழே எடை, சமநிலை, மூட்டுகளின் அசைவு ஆகியவற்றைப் பற்றிச் சொல்பவை உறுதியானவை. எழுந்து நின்று உங்கள் உடலிலேயே அவற்றைச் சோதித்துக்கொள்ளலாம். பயிற்சி முறைகளைப் பற்றிச் சொல்பவை என் அனுபவமும் மாணவர்களிடம் நான் கண்டதும் மட்டுமே. அவை எல்லாருக்கும் ஒரேபோலப் பலிக்கும் என்று என்னால் உறுதி கூற முடியாது.

கை கால்களிலிருந்து தொடங்குவதுதான் முதல் சிக்கல். ஒரு செயலில் கையும் காலும் எந்த இடத்தில் இருக்கின்றன என்பது அந்தச் செயலின் விளைவு; அதை முன்கூட்டியே முடிவு செய்ய முயல்வது, கணக்கைப் போடாமல் விடையை ஊகிப்பதற்குச் சமம். ஈட்டி எறிபவரின் உடலில் விசை தரையில் ஊன்றிய கால்களில் தொடங்கி, இடுப்புக்கு ஏறி, மார்புக்கூட்டைத் திருப்பி, தோளைக் கடந்து, முழங்கையை இழுத்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் விரல்களை வந்தடைகிறது. அதனால் எறிவதற்குச் சற்று முந்தைய கணத்தில் இடுப்பு ஏற்கெனவே இலக்கை நோக்கித் திரும்பியிருக்கும், மார்பு திரும்பிக்கொண்டிருக்கும், கையோ இன்னும் பின்னாலேயே தங்கியிருக்கும். உடலின் பகுதிகள் ஒன்றுக்குப்பின் ஒன்றாக வந்து சேரும் இந்தத் தாமதத்தைத்தான் பார்ப்பவர் கண் வேகம் என்று படித்துக்கொள்கிறது. தலை, மார்பு, இடுப்பு, கை எல்லாம் ஒரே திசையைப் பார்த்து ஒரே நேரத்தில் வந்து சேர்ந்துவிட்ட உருவத்தில், விளம்பரப் பலகையில் ஈட்டியைப் பிடித்து நிற்பவர்தான் கிடைப்பார்.

ஆகவே பென்சிலைத் தொடுவதற்கு முன் ஒரு வினைச்சொல்லை முடிவு செய்துகொள்ளுங்கள். தமிழில் இதற்குப் பஞ்சமே இல்லை: எம்புதல், பதுங்குதல், திமிறுதல், தள்ளாடுதல், ஒடுங்குதல், உந்துதல், தொங்குதல், குலுங்குதல் என்று ஒவ்வொரு சொல்லும் முதுகெலும்புக்கு ஒவ்வொரு வடிவத்தைக் கேட்கிறது. 'ஓடுகிறாள்' என்பது போதாது. தப்பி ஓடுகிறாளா, துரத்தி ஓடுகிறாளா, மூச்சு முட்டிய பிறகும் ஓடுகிறாளா என்பதைப் பொறுத்துத் தலை எங்கே இருக்கும், எடை எங்கே விழும், தோள்கள் காதுக்கு அருகில் ஏறியிருக்குமா தளர்ந்திருக்குமா என்பவை எல்லாம் மாறும். துரத்துபவளின் தலை உடலுக்கு முன்னே செல்லும். தப்பி ஓடுபவளின் மார்பு முன்னே செல்ல, தலை பின்னால் திரும்பப் பார்க்கும். போஸைத் தேடிப் பயனில்லை. அந்த ஆள் அந்த நொடியில் எதை விரும்புகிறாள், அதற்கு எது தடையாக இருக்கிறது என்பதைத் தேடினால் போஸ் தானாகக் கூட வந்துவிடும்.

அடுத்தது எடை. இதைச் சற்று நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் விறைப்பான படங்களில் நான் காணும் பிழைகளில் பெரும்பாலானவை இங்கே வந்து முடிகின்றன. நேராக நிற்கும் ஒருவரின் ஈர்ப்பு மையம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே, இடுப்புக்கூட்டுக்குள் இருக்கிறது. கைகளைத் தூக்கினால் அது மேலே நகரும். நன்றாகக் குனிந்தால் உடலுக்கு வெளியேகூடப் போய்விடும். அந்த மையத்திலிருந்து தரைக்கு ஒரு தூக்குக் குண்டு நூலைத் தொங்கவிட்டால், அது இரு பாதங்களும் அவற்றுக்கிடையே உள்ள பரப்பும் சேர்ந்த இடத்துக்குள் விழும்வரை ஆள் நிற்பார். வெளியே விழுந்தால் ஆள் விழுந்துகொண்டிருக்கிறார், அல்லது நகர்ந்துகொண்டிருக்கிறார். நடப்பது என்பதே முன்னால் விழத் தொடங்கி, விழுவதற்குள் அடுத்த காலை ஊன்றித் தடுத்துக்கொள்வதுதான். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் இரு கால்களும் தரையை விட்டு எழும் கணம் ஒன்று உண்டு. கற்பனையிலிருந்து வரைபவர்கள் பெரும்பாலும் தம்மை அறியாமலேயே எல்லா உருவங்களையும் விழாமல் பாதுகாப்பாக நிறுத்திவிடுகிறார்கள். ஓடுபவரின் எடைகூட இரு பாதங்களுக்கு நடுவே கச்சிதமாக அமர்ந்திருக்கும். அப்படி வரைந்த உருவம் கால்களை எவ்வளவு அகட்டினாலும் நகராது. உருவம் அசைய வேண்டுமானால் அதன் எடையை ஆதாரத்துக்கு வெளியே தள்ளுங்கள். இன்னும் அரை நொடியில் இந்த ஆள் வேறு இடத்தில்தான் இருக்க முடியும் என்ற எண்ணம் பார்ப்பவருக்குத் தோன்றினால் போதும்.

அசையாமல் நிற்கும் உருவத்திலும் எடைக்கு வேலை உண்டு. ஒரு காலில் எடையை ஊன்றி நின்று பாருங்கள்: ஊன்றிய காலின் பக்கம் இடுப்பு மேலே ஏறும், தளர்ந்த காலின் பக்கம் இறங்கும், அதை ஈடுசெய்ய முதுகெலும்பு வளைந்து, தோள்கோடு பெரும்பாலும் எதிர்ப்பக்கமாகச் சாயும். கழுத்துக்குழியிலிருந்து ஒரு செங்குத்துக் கோடு போட்டால், அது எடை தாங்கும் காலின் கணுக்காலுக்கு அருகில் வந்து விழும். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்கச் சிற்பி பாலிக்கிளைட்டஸ் வடித்த ஈட்டி ஏந்திய ஆணின் சிலை இந்த நிற்பின் முன்மாதிரியாக இன்றும் காட்டப்படுகிறது. மேற்கத்திய ஓவியப் பாடங்களில் இதற்குக் காண்ட்ரபோஸ்டோ என்று பெயர். நம் சிற்ப மரபு இதையே தனக்குரிய முறையில் வகைப்படுத்தியிருக்கிறது: இரு கால்களிலும் எடை சமமாக நிற்பது சமபங்கம், சிறிதே ஒசிந்து நிற்பது ஆபங்கம், தலை, உடல், கால் என மூன்று இடங்களில் வளைந்து நிற்பது திரிபங்கம், வளைவு உச்சத்துக்குப் போவது அதிபங்கம். இந்த நான்கு சொற்களையும் ஓர் அளவுகோலைப் போலப் பயன்படுத்த மாணவர்களுக்குச் சொல்வேன். நீங்கள் வரைந்த உருவம் இந்த அளவுகோலில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஏறத்தாழ எப்போதும் சமபங்கத்தில் இருக்கும்.

இப்போது நடுவுடலுக்கு வருவோம். மார்புக்கூட்டை ஒரு பெட்டியாகவும் இடுப்பை இன்னொரு பெட்டியாகவும் எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டும் எலும்பாலானவை என்பதால் தத்தம் வடிவத்தைப் பெரிதாக மாற்றிக்கொள்ளாது. அவற்றுக்கிடையே உள்ள வயிற்றுப் பகுதிதான் நசுங்கும், நீளும், முறுக்கும். இந்த இரு பெட்டிகளும் ஒன்றுக்கொன்று சாய்ந்தும் திரும்பியும் நிற்கும் விதத்தைத் தீர்மானித்துவிட்டால், என் கணிப்பில் போஸின் பெரும்பகுதி முடிந்துவிட்டது. ஒரு பக்கம் விலாவும் இடுப்பும் நெருங்கிச் சதை மடியும், மறுபக்கம் இழுபட்டு நீளும். இந்த நெருக்கமும் இழுப்பும் இல்லாத உடல், கைகளை எப்படி வீசினாலும் அட்டைப்பெட்டியாகவே இருக்கும். திருகும்போது ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, கீழ் முதுகில் 5 என அசையக்கூடிய முள்ளெலும்புகள் 24. கீழ் முதுகின் ஐந்தும் முன்னும் பின்னும் நன்றாக வளையும். ஆனால் திருகுவதில் அவற்றின் பங்கு மிகக் குறைவு. திருகல் பெரும்பாலும் மார்புப் பகுதியிலும் கழுத்திலும் நடக்கிறது, இடுப்புக்கூடும் தொடைமூட்டுகளின் மேல் சுழன்று அதற்குத் துணை செய்கிறது. துணியைப் பிழிவதுபோல் இடுப்புக்கு மேலே ஒரே இடத்தில் முறுக்கி வரையப்பட்ட உருவங்கள் பார்ப்பதற்கு வலிப்பது இதனால்தான். திருகலை முழங்காலிலிருந்து தலைவரை பங்கிட்டுக் கொடுத்தால் அதைவிடப் பெரிய திருகல்கூட இயல்பாகத் தோன்றும்.

தோளைப் பற்றியும் ஒரு சொல். கையைத் தலைக்கு மேல் முழுவதுமாகத் தூக்கும் ஏறத்தாழ 180 பாகை அசைவில் மூன்றில் ஒரு பங்கு தோள்பட்டை எலும்பு விலாக்கூட்டின் மேல் சுழல்வதால் வருகிறது. காறையெலும்பும் கூடவே மேலேறும். தோளை அப்படியே விட்டுவிட்டுக் கையை மட்டும் தூக்கி வரைந்தால், பொம்மைக்குக் கை மாட்டியதுபோல இருக்கும். ஒளிப்படம் பார்த்து வரைகையில் இது தானாகச் சரியாகிவிடுகிறது, ஏனென்றால் படத்தில் தோள் ஏறித்தான் இருக்கிறது. ஒளிப்படத்துக்கும் கற்பனைக்கும் இடையே நீங்கள் உணரும் இடைவெளியில் ஒரு பகுதி இப்படிப்பட்ட சிறு உடற்கூற்று விவரங்கள்தாம்.

செயல்கோட்டைப் பற்றி எழுதாமல் விட்டால் யாராவது நினைவூட்டுவார்கள். தலையிலிருந்து பாதம்வரை உருவம் முழுவதையும் ஊடுருவிச் செல்லும் ஒரே வளைகோட்டை முதலில் போட்டு, அதன்மேல் உடலைக் கட்டுவதைத்தான் லைன் ஆஃப் ஆக்‌ஷன் என்கிறார்கள். அது நல்ல கருவி. அனிமேஷனில் எனக்குத் தினமும் உதவியிருக்கிறது. ஆனால் அதை ஒரு சட்டமாகச் சொல்வதில் எனக்கு ஐயம் உண்டு. ஒரே கோட்டில் அடங்க மறுக்கும் நல்ல போஸ்கள் ஏராளம்: குந்தி உட்கார்ந்து எதையோ கிளறுபவர், தடுமாறி விழுபவர், ஒருவரை ஒருவர் பிடித்து இழுப்பவர்கள். தொடக்கநிலையில் இருப்பவர்கள் அழகான ஒரு வளைகோட்டைப் போட்டுவிட்டு, அதன்மேல் எடையே இல்லாத ஓர் உடலைத் தொங்கவிடுவதையும் பார்க்கிறேன். உருவம் நளினமாக இருக்கும், ஆனால் தரையில் நிற்காது. எடையையும் கோட்டையும் சேர்த்து யோசிக்க முடியாதபோது எடையைத் தேர்ந்தெடுங்கள் என்பது என் சொந்தச் சாய்வு. இதற்கு நேர்மாறாகக் கற்பிக்கும் நல்ல ஆசிரியர்களும் இருக்கிறார்கள்.

ஒரு செயலின் எந்தக் கணத்தை வரைவது என்பதும் போஸைக் கண்டுபிடிப்பதில் சேர்ந்ததுதான். மைரன் என்ற கிரேக்கச் சிற்பியின் வட்டெறிபவன் சிலையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெண்கல மூலம் தொலைந்துபோய், ரோமானியர் செய்த பளிங்குப் படிகளே இன்று இருக்கின்றன. அதில் வட்டு கையை விட்டுப் பறக்கவில்லை. பின்னால் இழுத்த கை அதன் எல்லையைத் தொட்டு, திரும்பி வரப்போகும் கணத்தில் உருவம் நிற்கிறது. ஊஞ்சல் உச்சத்தில் ஒரு கணம் தயங்குவதைப் போன்றது அது. செயலின் உச்சத்தை வரைந்தால் கதை முடிந்துவிடுகிறது. உச்சத்துக்குச் சற்று முன்னால், அல்லது சற்றுப் பின்னால் வரைந்தால் பார்ப்பவர் மிச்சத்தைத் தானே ஓட்டிப் பார்த்துக்கொள்கிறார். குத்துச் சண்டையில் கை முகத்தைத் தொட்ட கணத்தைவிட, தோள் பின்னுக்கு இழுபட்ட கணமும், அடி விழுந்து தலை திரும்பிவிட்ட கணமும் பெரும்பாலும் வலுவாக இருக்கும்.

இங்கே ஒளிப்படத்தின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். 1878இல் மைபிரிட்ஜ் என்ற ஒளிப்படக்காரர் வரிசையாகக் கேமராக்களை வைத்துப் பாய்ந்தோடும் குதிரையைப் படம் பிடித்தபோது, நான்கு குளம்புகளும் தரையை விட்டு எழுவது உண்மைதான், ஆனால் கால்கள் வயிற்றுக்குக் கீழே மடங்கிச் சேரும்போதுதான் அது நடக்கிறது என்று தெரிந்தது. அதற்கு முன் ஓவியர்கள் முன்கால்களை முன்னும் பின்கால்களைப் பின்னும் நீட்டிப் பறக்கும் குதிரைகளையே வரைந்துவந்தார்கள். பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ 1821இல் வரைந்த எப்சம் குதிரைப் பந்தய ஓவியம் அப்படித்தான் இருக்கிறது. பிழை நிரூபிக்கப்பட்ட பிறகும் சிற்பி ரோடின் அந்த ஓவியத்தின் பக்கமே நின்றார். ஓடும் குதிரையைப் பார்ப்பவருக்கு அப்படித்தான் தோன்றுகிறது என்றும், காலம் நின்றுவிடாத உலகில் அதை நிறுத்திக் காட்டும் ஒளிப்படம்தான் பொய் சொல்கிறது என்றும் வாதிட்டார். அவர் சொன்னதை முழுவதுமாக ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு, குதிரையை அப்படி வரைந்தால் இன்றைய வாசகர் சிரிப்பார். ஆனாலும் ஓடும் ஒருவரின் காணொளியைச் சட்டம் சட்டமாக (ஃப்ரேம் ஃப்ரேமாக) நிறுத்திப் பார்த்தால் ரோடின் எதைச் சொன்னார் என்பது விளங்கும்: பெரும்பாலான சட்டங்களில் ஆள் ஓடுவதுபோலவே இருக்காது, நொண்டுவதுபோலவோ மிதப்பதுபோலவோ இருப்பார். பார்த்து வரைவதற்கான ரெஃபரன்ஸ் படத்தில் உண்மையிலேயே நடந்த கணம் இருக்கிறது. அதில் நடப்பதாகத் தோன்றும் கணத்தைத் தேர்ந்தெடுப்பதும், தேவையானால் அதைச் சற்று மிகைப்படுத்துவதும் உங்கள் வேலை.

இனி இரண்டாவது கேள்வி: மனத்தில் துடிப்பாக இருந்த போஸ் தாளுக்கு வருவதற்குள் ஏன் உயிரை விட்டுவிடுகிறது? நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மூத்த ஓவியர் என் முதல் பென்சில் கீறலையும் மை தீட்டி முடித்த பக்கத்தையும் அடுத்தடுத்து வைத்து, ஒரே உருவத்தின் தோள்கோட்டின்மேல் ஸ்கேலை வைத்துக் காட்டினார். கீறலில் நன்றாகச் சாய்ந்திருந்த தோள், மையில் ஏறத்தாழக் கிடையாகியிருந்தது. இடுப்பும் அப்படியே, தலையும் அப்படியே. நான் எதையும் வேண்டுமென்று மாற்றவில்லை. கையின் இயல்பு அது: ஒவ்வொரு முறை மேலே வரையும்போதும் சாய்வுகள் செங்குத்தையும் கிடையையும் நோக்கிச் சிறிது நகர்கின்றன, வளைவுகள் தட்டையாகின்றன, இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றையொன்று பார்த்து ஒத்துப்போய்விடுகின்றன. மூன்று முறை சுத்தம் செய்தால் போஸ் செத்துவிடும். டிஜிட்டலில் லேயர் மேல் லேயராக வரைபவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல், ஏனென்றால் எத்தனை முறை வேண்டுமானாலும் சுத்தம் செய்யலாம். இதற்கு நான் கண்ட மாற்று, முதல் கீறலைத் தேவைக்கு மேல் மிகைப்படுத்துவது; இது கேலிச்சித்திரம்போல ஆகிவிட்டதோ என்று கூச்சம் வரும் அளவுக்குப் போங்கள், பின்னால் எப்படியும் குறையத்தான் போகிறது. கீறலின் மேலேயே வெளிக்கோடுகளைத் தடம்பிடித்து வரைவதற்குப் பதிலாக, அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே விசையோடு மீண்டும் வரைந்து பாருங்கள். முடித்த பிறகு முதல் கீறலை மேலே பொருத்தி, எந்தச் சாய்வு குறைந்திருக்கிறது என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை. அதைச் செய்யும் பழக்கம் என்னிடம் இன்னும் இருக்கிறது, அந்தச் சாய்வு இன்னும் குறைந்துகொண்டும் இருக்கிறது.

போஸ்களைச் சேமித்து வைக்கும் கிடங்கை எப்படி நிரப்புவது என்பது மீதமிருக்கிறது. பலரும் பரிந்துரைப்பது ஜெஸ்ச்சர் டிராயிங்: 30 நொடி, ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று நேரம் வைத்து, ஆளின் செயலை மட்டும் வேகமாகப் பிடிப்பது. கை விறைப்பைக் குறைப்பதில் இது பயன்படுகிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கற்பனையிலிருந்து வரையும் திறனை அது தானாகவே வளர்த்துவிடும் என்பதில்தான் சந்தேகம். ஆயிரக்கணக்கில் ஜெஸ்ச்சர் வரைந்த பிறகும், எதிரே ஆள் இல்லாவிட்டால் கை நின்றுபோகும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். பார்த்து வரைவதும் நினைவிலிருந்து எடுத்து வரைவதும் வெவ்வேறு வேலைகள், இரண்டாவதைத் தனியாகப் பயில வேண்டும். 19ஆம் நூற்றாண்டுப் பாரிசில் லெகோக் து புவாபோத்ரான் என்ற ஆசிரியர் இதையே தம் கல்விமுறையின் மையமாக வைத்தார்: மாணவர்கள் ஒன்றை நன்றாக உற்றுப் பார்க்க வேண்டும், பின்பு அது எதிரே இல்லாதபோது நினைவிலிருந்து வரைய வேண்டும். ரோடினும் ஓவியர் ஃபான்டின் லட்டூரும் அவரிடம் படித்தவர்கள். நான் மாணவர்களுக்குச் சொல்வது அதன் சுருங்கிய வடிவம். ஒரு போஸை ஒரு நிமிடம் வரையாமல் பாருங்கள். எடை எங்கே, இரு பெட்டிகளும் எப்படிச் சாய்ந்திருக்கின்றன என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். படத்தை மூடிவிட்டு வரையுங்கள். திறந்து ஒப்பிட்டுத் திருத்துங்கள். பிறகு அதே போஸை வேறு பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று கற்பனையில் வரையுங்கள். கடைசிப் படிதான் கடினம், பலன் தருவதும் அதுதான். ஒரு நாளைக்கு இப்படி மூன்று போஸ் போதும். எத்தனை வாரத்தில் மாற்றம் தெரியும் என்று கேட்டால், ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுபடுகிறது என்பதே நேர்மையான பதில்.

இதற்கு இணையாக, வரையப்போகும் செயலை எழுந்து நின்று நீங்களே செய்து பாருங்கள். கண்ணாடியில் பார்க்க வேண்டாம், பார்த்தால் அழகாகத் தோன்றத்தான் முயல்வோம். கண்ணை மூடிக்கொண்டு எந்தப் பாதம் தரையை அழுத்துகிறது, எந்த விலா மடிகிறது, மூச்சு எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். உடல் உணர்ந்ததை வரைகையில் வெளிப்படும் உறுதி, கண்ணால் மட்டும் பார்த்ததை வரைகையில் வருவதில்லை. நகைப்புக்கிடமாகத் தோன்றலாம். ஸ்டோரிபோர்டு வரையும் அறைகளில் யாராவது ஒருவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பாய்ந்துகொண்டிருப்பது அன்றாடக் காட்சி.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாளில் மூன்று நான்கு சென்டிமீட்டர் உயரத்தில் பத்துப் பதினைந்து சிறு கீறல்கள் போட்டுவிட்டுத்தான் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலில் தோன்றுவது எல்லாருக்கும் தோன்றுவதாகவே இருக்கும். தேர்ந்தெடுத்ததை முழுக்கக் கறுப்பாக நிரப்பி, நிழலுருவாக மட்டும் பார்த்தாலும் செயல் புரிகிறதா என்று சோதிக்கலாம். ஆனால் உடலுக்கு முன்னால் கைகள் வரும் போஸ்கள் இந்தச் சோதனையில் தோற்றாலும் உள்ளே உள்ள கோடுகளால் நன்றாகவே நிற்கும், ஆகையால் இதைத் தீர்ப்பாகக் கொள்ள வேண்டாம். ஒரு கை நம்மை நோக்கி நீளும்போது அதன் நீளத்தைக் கணக்கிடுவதைவிட, எது எதை மறைக்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டுவதுதான் முக்கியம். கூந்தலும் துணியும் உடல் சென்ற வழியைப் பின்னாலிருந்து தொடர்பவை. அவை உடலின் இப்போதைய நிலையைக் காட்டாமல், அது சற்று முன்பு எங்கே இருந்தது என்பதைக் காட்ட வேண்டும். பார்வைமட்டத்தைத் தாழ்த்தினாலோ உயர்த்தினாலோ சாதாரண போஸும் வலுப்பெறும் என்பது உண்மை, ஆனால் அதைக்கொண்டு எடையில் உள்ள பிழையை மறைக்க முடியாது.

எல்லாப் போஸும் துடிக்க வேண்டியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பக்கம் முழுவதும் எல்லாரும் முறுக்கிக்கொண்டும் பாய்ந்துகொண்டும் இருந்தால், எந்தப் பாய்ச்சலும் பாய்ச்சலாகத் தெரியாது. அடக்கிக்கொண்டு நிற்பதும் ஒரு செயல்தான். கோபத்தை விழுங்கிக்கொண்டு நிற்பவரின் கழுத்திலும் கைவிரல்களிலும் மட்டும் இழுப்பு இருக்கும், மற்ற உடல் சமபங்கத்தில் நிற்கும். அங்கே விறைப்பு பிழையல்ல, பாத்திரத்தின் உண்மை.

உங்கள் ஈட்டிப் பெண்ணை ஏழாவது முறை நான் வரைவதாக இருந்தால் இந்த வரிசையில் போவேன். அவள் வலக்கைக்காரி என்று வைத்துக்கொண்டு, இடக்காலை முன்னால் நீட்டி, குதிகாலை ஊன்றி, முழங்காலை ஏறத்தாழ நேராக வைப்பேன். ஓடிவந்த வேகத்தை முட்டி நிறுத்தும் தூண் அதுதான். வலப்பாதம் பின்னால், விரல்நுனி மட்டும் தரையில் இழுபட வேண்டும். இடுப்பு ஏற்கெனவே இலக்கைப் பார்க்கிறது, மார்பு இன்னும் சிறிது பக்கவாட்டில் இருக்கிறது, முதுகு வில்லைப்போலப் பின்னுக்கு வளைந்திருக்கிறது. இடக்கை முன்னே சென்று மடங்கத் தொடங்கியிருக்கும். வலத்தோள் பின்தங்கி உயர்ந்திருக்கும். கை இன்னும் முழுவதும் பின்னால், உள்ளங்கை மேல்நோக்கி. ஈட்டியைக் கடைசியாகத்தான் போடுவேன், அதன் முனை அவள் முகத்துக்கு அருகில், அவள் பார்க்கும் திசையை நோக்கியதாக. வரைந்து முடித்ததும் காட்டுங்கள். முடித்த படத்தோடு அதன் முதல் கீறலையும் சேர்த்துக் காட்டினால்தான் என்னால் பயனுள்ளதாக ஏதாவது சொல்ல முடியும்.